மஞ்சளும் மஞ்சள் மாத்திரையும்



கடந்த சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பலவிதமாய்க் கேட்கப்பட்டு வருகிறது. "நோய் எதிர்ப்புச் சக்தி பெருக மஞ்சள் மாத்திரை சாப்பிடலாமா?" என்று மும்பையிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். "மூட்டு வீக்கத்திற்கு டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு, குர்குமின் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்று எங்கள் குடியிருப்பில் ஒருவர் வற்புறுத்துகிறார். என் மாமியாருக்குக் கொடுக்கலாமா?" என்று பெங்களூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இக்காரியத்தைக் குறித்து வெளிவந்துள்ள மருத்துவ ஆய்வுகளையும் அரசு எச்சரிக்கைகளையும் கருத்தாய் வாசித்து, சாதாரண ஜனங்களுக்குப் பிரயோஜனமானவற்றை இம்மாதம் எழுதுகிறேன்.

பெங்களூர் சகோதரிக்குரிய பதிலை முதலாவதே சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்த வேண்டாம். அதற்கான காரணங்களைக் கீழே பொறுமையுடன் வாசியுங்கள்.

நம் சமையலறையின் மஞ்சள்

மஞ்சள், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூண்டின் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. உலகில் விளையும் மஞ்சளில் 70 சதவீதத்திற்கும் மேற்பட்டது இந்தியாவில்தான் விளைகிறது. நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்திலே வசிப்போருக்குச் சாங்லி மஞ்சளும், தெலங்கானாவிலே வசிப்போருக்கு நிஜாமாபாத் மஞ்சளும் நன்கு தெரிந்தவை. தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது.

காயத்தின்மேல் மஞ்சளைப் பற்றுப்போடுவது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். இதையே புதிய கண்டுபிடிப்பென்று சொல்லி, அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. நமது நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து, பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி வாதாடிற்று. 1997ஆம் ஆண்டில் அந்தக் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. அன்று நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது நியாயமே. ஆனால் ஒரு பொருள் நம்முடையது என்பதும், அது எல்லா வியாதிக்கும் மருந்து என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் இன்று அநேகர் ஏமாந்துபோகிறார்கள்.

மாத்திரையின் கணக்கு

மஞ்சளுக்கு நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் சத்து. மஞ்சள் தூளில் இது பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரையே இருக்கிறது. சராசரியாக 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள் ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ளது. அப்படியானால் அதில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் குர்குமின் உண்டு. நால்வர் உண்ணும் குழம்பிலே நாம் போடுவதோ அரைத் தேக்கரண்டிதான்.

இனி மாத்திரைக்கு வருவோம். கடையில் விற்கும் பல டப்பாக்களில், '500 மில்லிகிராம் மஞ்சள் சாரம், 95 சதவீதம் குர்குமினாய்டு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதன்படி ஒரு மாத்திரையில் 475 மில்லிகிராம் குர்குமின் வகைகள் அடங்கியிருக்கின்றன. இதை மஞ்சள் தூளாக உட்கொள்ள வேண்டுமானால் ஏறத்தாழ 16 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டித் தூளை ஒரே ஆளாகச் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை என்றால் பத்துத் தேக்கரண்டி! எந்தத் தாயாவது தன் பிள்ளையின் தட்டிலே பத்துத் தேக்கரண்டி மஞ்சளைக் கொட்டுவாளா?

உணவில் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் குர்குமினுக்கு, உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு ஓர் அளவை வகுத்திருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் என்பதே அந்த அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 180 மில்லிகிராம் ஆகிறது. ஒரே மாத்திரை அதைப்போல் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே, "தலைமுறை தலைமுறையாக நாம் சாப்பிடும் மஞ்சள்தானே, இதிலென்ன கெடுதல்?" என்னும் பேச்சு இங்கே செல்லாது. நம் முன்னோர் உண்டது மஞ்சள்; டப்பாவில் இருப்பதோ மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவாக்கப்பட்ட ஒரு ரசாயனச் சத்து.

மிளகு ஏன் சேர்க்கப்படுகிறது?

குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது. குடலிலிருந்து சிறிதளவே இரத்தத்தில் சேருகிறது. சேர்ந்ததையும் ஈரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பெங்களூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. 2 கிராம் குர்குமினைத் தனியாக உட்கொண்டவர்களின் இரத்தத்திலே அது மிகச் சொற்பமாகவே காணப்பட்டது, சிலரிடத்தில் காணப்படவேயில்லை. அதனுடன் மிளகிலுள்ள பைப்பரின் என்னும் சத்தை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்கு உயர்ந்தது.

இதைப் பெரிய நன்மையாக விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். அந்நியப் பொருள்களை வெளியேற்றும் ஈரலின் வேலையைத் தடுத்தே பைப்பரின் இதைச் சாதிக்கிறது. அது குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்து மற்றவற்றுக்கு அடைத்து வைப்பதில்லை. வலிப்பு நோய்க்குரிய பினைட்டாயின், இரத்த அழுத்தத்துக்குரிய புரொப்பிரனலால், இளைப்புக்குரிய தியோபிலின் ஆகிய மருந்துகளின் அளவும் பைப்பரினால் இரத்தத்தில் உயரக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ரசத்தில் போடும் நான்கு மிளகு இப்படிச் செய்துவிடாது. செறிவாக்கப்பட்ட சாரம் செய்யக்கூடும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மஞ்சள் மாத்திரையில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதே முறை.

தாய்லாந்தில் முழங்கால் தேய்மானமுள்ள 367 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், நான்கு வாரங்கள் மஞ்சள் சாரம் உட்கொண்டோருக்கும், இபுபுரோபன் என்னும் வலி மாத்திரை உட்கொண்டோருக்கும் வலி ஏறத்தாழ ஒரே விதமாகவே குறைந்தது. வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் சாரத்தில் குறைவாக இருந்தது. அதே தேசத்தில் 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், அஜீரணத் தொல்லைக்கு ஒமிப்பிரசோல் கொடுத்த அளவு நிவாரணத்தைக் குர்குமினும் கொடுத்தது.

இப்போது மறுபக்கத்தையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முழங்கால் வலியும் மூட்டில் நீர்க்கோப்பும் உள்ள 70 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. 12 வாரங்களுக்குப் பின், மஞ்சள் சாரம் உட்கொண்டோருக்கு வெற்று மாத்திரை உட்கொண்டோரைவிட வலி சற்றுக் குறைந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூட்டுக்குள் இருந்த வீக்கமும் நீரும் குறைந்ததாகக் காணப்படவில்லை. வலி குறைவது வேறு, உள்ளேயிருக்கும் அழற்சி ஆறுவது வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2017ஆம் ஆண்டில் மருந்து வேதியியல் அறிஞர்கள் குர்குமினைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தார்கள். அதுவரை 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், முறையாக நடத்தப்பட்ட எதிலும் அது மருந்தாக உறுதியாக நிலைநாட்டப்படவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். சோதனைக் குழாயில் குர்குமின் எதைத் தொட்டாலும் பலன் அளிப்பதுபோலத் தோன்றும். ஆனால் அது அநேக இடங்களில் பொய்யான அறிகுறி என்றும் அவர்கள் விளக்கினார்கள். 'புற்றுநோயைக் கொல்லும்', 'ஞாபகமறதியை நீக்கும்' என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை சோதனைக் குழாயிலிருந்தும் எலிக்கூண்டிலிருந்தும் புறப்பட்டவையே.

'எதிர்ப்புச் சக்தி' என்னும் சொல்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஆயுஷ் அமைச்சகம் 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள் கலந்து நாளொன்றுக்கு ஓரிரு வேளை பருகலாம் என்று ஆலோசனை கூறிற்று. அது வீட்டுப் பழக்கம், எளிய அளவு. ஆனால் அந்த நாட்களிலிருந்து 'இம்யூனிட்டி' என்னும் சொல் டப்பாக்களின்மேல் ஏறிக்கொண்டது. இன்னும் இறங்கவில்லை.

இதிலே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். ஒரே டப்பாவில் 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்றும், 'அழற்சியைக் குறைக்கும்' என்றும் எழுதியிருக்கிறது. அழற்சி என்பது என்ன? கையில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. கிருமியோடு போராட நமது எதிர்ப்புச் சக்தி அங்கே தன் சேனையை அனுப்பியிருக்கிறது என்பதே அதன் பொருள். அழற்சி எதிர்ப்புச் சக்தியின் வேலைதான். ஒன்றைப் பெருக்கி மற்றொன்றைக் குறைப்பதாகச் சொல்லுகிறவர், இரண்டில் எதைச் செய்யப்போகிறார் என்று நாம் கேட்க வேண்டாமா?

முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு வியாதியில், சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையே பகைவனாக எண்ணித் தாக்குகிறது. அங்கே சக்தி குறைவானதால் வியாதி வரவில்லை. அது கட்டுமீறியதால் வந்தது. அதை அடக்கவே மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை டாக்டர்கள் வாரம் ஒருமுறை கொடுக்கிறார்கள். அம்மருந்தை நிறுத்தினால், வலி தெரியாத நாட்களிலும் மூட்டு உள்ளே அரிபட்டுக்கொண்டேயிருக்கும். அரிந்துபோன மூட்டு பின்பு எந்த மருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மேலும், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களின் ஈரலை அடிக்கடி பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஈரலின்மேல் மஞ்சள் சாரத்தையும் ஏற்றுவது இரட்டைப் பாரம். பெங்களூர் சகோதரியே, உங்கள் மாமியாருக்கு இருப்பது இவ்வியாதியானால், இரண்டு காரணங்களாலும் அந்த மாத்திரை வேண்டாம். மூட்டுத் தேய்மானம் மாத்திரமானால், டாக்டரிடம் டப்பாவைக் காட்டிக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

ஈரலுக்கு நேரிடும் ஆபத்து

மஞ்சள் காமாலைக்கும் மஞ்சளுக்கும் பெயரில் மாத்திரமே உறவு என்று நினைத்திருந்தோம். இப்போது வேறொரு உறவும் வெளிப்பட்டிருக்கிறது.

இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உட்கொண்ட பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதால், 2019ஆம் ஆண்டில் அத்தேசத்துச் சுகாதார அமைச்சகம் டப்பாக்களின்மேல் எச்சரிக்கை அச்சிடும்படி முடிவெடுத்தது. அமெரிக்காவில் மருந்தினால் வரும் ஈரல் பாதிப்பை ஆராயும் மருத்துவர் குழு, மஞ்சள் சாரத்தால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதிற்று. அவர்களில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் ஈரல் செயலிழந்து மரித்தார். பத்துப் பேரில் ஏழு பேரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை காணப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், தனக்கு வந்த 18 புகார்களைச் சுட்டிக்காட்டி 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் எச்சரித்தது.

மாத்திரை சாப்பிடும் எல்லாருக்கும் இது நேரிடுவதில்லை. மிகச் சிலருக்கே நேரிடுகிறது. ஆனால் அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்பது முன்னதாக நமக்குத் தெரியாது. உணவில் சேர்க்கும் அளவு மஞ்சளால் இப்படி நேரிடுவதில்லை என்பதையும் அந்த எச்சரிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

மாத்திரை உட்கொள்ளும் எவருக்காவது கண்ணின் வெண்மை மஞ்சளாதல், சிறுநீர் கறுத்துப்போதல், பசியின்மை, குமட்டல், காரணமற்ற அசதி, உடல் அரிப்பு, வலப்புற விலாவின்கீழ் வலி ஆகியவை தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் செல்லுங்கள். "நாட்டு மருந்துதானே" என்று எண்ணி அவரிடம் சொல்லாமல் மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் அவர் காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்கள் வீணாகும்.

யார் தவிர்க்க வேண்டும்?

1. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர். வார்ஃபரின் சாப்பிட்டு வந்த ஒருவர் மஞ்சள் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டதால், அவருடைய ஐ.என்.ஆர். அளவு 10க்கு மேல் உயர்ந்ததாக நியூசிலாந்து மருந்துத் துறை 2018இல் அறிவித்தது. வழக்கமாய் அது 2 முதல் 3 வரை இருந்தால் போதும். இருதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

2. பித்தப்பையில் கல்லுள்ளோர். குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது.

3. சிறுநீரகக் கல் உண்டாகும் தன்மையுள்ளோர். மஞ்சளில் ஆக்ஸலேட் என்னும் உப்பு மிகுதி. அதை அதிகமாய் உட்கொண்டால் சிறுநீரில் அது கூடுகிறது.

4. ஈரல் வியாதியுள்ளோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர்.

5. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோர். இரண்டு வாரங்களுக்கு முன்னதாகவே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுவது நல்லது.

விற்கிறவர் யார்?

ஊரைவிட்டு வந்து அந்நிய நகரத்தில் வாழும் நமக்கு, நம் பாஷை பேசும் ஒருவரைக் கண்டால் நெஞ்சம் குளிர்ந்துவிடுகிறது. அவர் சொல்லும் வார்த்தையை ஆராயாமல் நம்புகிறோம். சங்கிலித் தொடர் வியாபாரம் செய்கிறவர்கள் இந்த நம்பிக்கையைத்தான் முதலீடாக்கிக்கொள்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் வேளையில், வியாதியஸ்தரின் வீட்டை விசாரிக்கச் செல்லும் வேளையில், கைப்பையிலிருந்து டப்பா வெளியே வருகிறது. வாங்க மறுத்தால் மனம் நோகுமே என்று ஏழைச் சகோதரியும் வாங்குகிறாள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அதிலே கரைகிறது. விற்பவரும் பெரும்பாலும் தாமே முன்பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்தான். ஆகவே அவரைப் பகைக்க வேண்டாம். மறுப்பதை அன்பாய் மறுத்துவிடுங்கள். 'எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுகிறேன்' என்னும் ஒரு வார்த்தை போதும்.

டப்பாவைக் கையில் வாங்கினால் அதைத் திருப்பிப் பாருங்கள். இத்தகைய சத்து மாத்திரைகளின்மேல் 'மருத்துவ உபயோகத்திற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நமது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது, எந்த வியாதியையும் இது குணமாக்கும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. டப்பாவில் எழுதத் துணியாததை வாயினால் சொல்லுகிறவரை நாம் எப்படி நம்புவது?

மஞ்சளை மஞ்சளாகவே வாங்குங்கள்

தூள் மஞ்சளிலும் ஒரு ஆபத்து உண்டு. கிழங்கை வேகவைத்து, உலர்த்தி, பாலிஷ் போடும் வேளையில் பளபளப்புக்காக லெட் குரோமேட் என்னும் ஈயம் கலந்த சாயத்தைச் சிலர் சேர்க்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்கதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் ஈயம் காணப்பட்டது. அரசு கண்டிப்பாய் நடவடிக்கை எடுத்து மக்களையும் எச்சரித்தபின், 2021இல் ஒன்றிலும் காணப்படவில்லை. நம் நாட்டில் பாட்னா நகரத்து மஞ்சளில் மிகுதியான ஈயம் இருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஆகவே மிஞ்சிய பளபளப்புள்ள கிழங்கையும், உதிரியாக விற்கும் மலிவுத் தூளையும் தவிருங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விரலி மஞ்சளைப் போட்டுப் பாருங்கள். உடனே பிரகாசமான நிறம் கரைந்து இறங்கினால் அதில் சாயம் உண்டு. ஊருக்குப் போகும்போது நம்பிக்கையான இடத்தில் விரலி மஞ்சள் வாங்கி வந்து மாவு மில்லில் அரைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

குழம்பிலும் ரசத்திலும் கூட்டிலும் மஞ்சளைத் தாராளமாகச் சேருங்கள். எண்ணெயில் தாளித்து மிளகோடு சேர்க்கும் நம் சமையல் முறையே அதற்கு ஏற்றது. சளி பிடித்த பிள்ளைக்கு மஞ்சள் பாலும் கொடுங்கள், தொண்டைக்கு இதமாயிருக்கும்.

எதிர்ப்புச் சக்தி வேண்டுமா? மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பயறும் கீரையும் பழமும் வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, விட்டுப்போனதைப் போடுங்கள். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். கட்டுப்படாத சர்க்கரை எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனைப் பகலில் தொந்தரவு செய்யாமல் உறங்கவிடுங்கள். இவற்றை எவரும் டப்பாவில் அடைத்து விற்க முடியாது. ஆகையால் இவற்றுக்கு விளம்பரமும் இல்லை.

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்து, டாக்டர் எழுதித் தந்தவை எவை, மற்றவர் சொல்லி வாங்கியவை எவை என்று இரண்டாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் செல்லும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.